இடிஞ்ச கல் பண்ணைவீடு: பழையபடி கட்டறதா, உள்ளுக்குள்ள புதுசா, இல்ல தள்ளிட்டு மறுபடியுமா?

தெரிஞ்சவர் ஒருத்தர் ரொம்பப் பழைய கல் பண்ணைவீடு ஒண்ணை வாங்கிட்டு இப்ப தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். சுவர் ரெண்டடி கனம், கூரை பாதி உள்ள விழுந்து கிடக்கு, ஒரு ஓரத்து ரூம்ல ஆள் உயரத்துக்கு மேல மரம் நிக்குது. அவர் மனைவிக்கு எல்லாம் பழையபடியே வேணும், கதவுத் தாழ்ப்பாள் முதக்கொண்டு. கான்ட்ராக்டர் "உள்ள எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு சிமெண்ட் பூசி போர்டு அடிச்சா ஆறு மாசத்துல குடி போயிடலாம்"ங்கறார். ஆர்க்கிடெக்ட் ஒரு படம் வரைஞ்சு குடுத்திருக்கார், இடிஞ்சது இடிஞ்சபடியே நிக்கும், அதுக்குள்ள ஒரு புது வீடு. தம்பி மட்டும் "இதெல்லாம் எதுக்கு, தள்ளிட்டு அதே கல்லை வச்சு புதுசா கட்டு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். நாலு பேர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, அதான் சிக்கலே.

நானும் இந்த மாதிரி வீட்டு வேலைகள்ல கூட நின்னு பார்த்தவன்தான், ஒண்ணுல நல்லாவே கையைச் சுட்டுக்கிட்டவன், அதனால என் கணக்கை எழுதி வைக்கறேன்.

முதல்ல அந்தச் சுவர் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கலேன்னா மத்த பேச்செல்லாம் வீண். வெளிய இருந்து பார்த்தா ஒரே கல்லா கட்டின மாதிரி தெரியும், ஆனா அது உண்மையில ரெண்டு சுவர், வெளிமுகம் ஒண்ணு உள்முகம் ஒண்ணு, நடுவுல உடைஞ்ச கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி ரொப்பியிருப்பாங்க, அங்கங்க ஒரு நீளக் கல்லை குறுக்கால வச்சு ரெண்டு முகத்தையும் கோத்துப் பிடிச்சிருப்பாங்க. அடியில ஈரத்தைத் தடுக்க எந்த ஷீட்டும் கிடையாது, அஸ்திவாரமும் பெரும்பாலும் ஆழம் கம்மிதான். மழைத்தண்ணி கொஞ்சம் உள்ள போகும், தரையில இருந்து கொஞ்சம் ஏறும், அப்புறம் வெயிலும் காத்தும் பட்டா சாந்து வழியா திரும்ப வெளிய போயிடும். சாந்து கல்லை விட மெதுசா இருக்கறது குறை இல்லைங்க, அதுதான் அந்தக் கட்டுமானத்தோட சூட்சுமமே. ஈரமும் உப்பும் சாந்து வழியாவே வெளியேறும், தேயணும்னா சாந்து தேயட்டும், கல்லு நிக்கட்டும், சாந்தை எப்பவாவது ஒரு தலைமுறைக்கு ஒருக்கா மாத்திக்கலாம்.

இப்ப கான்ட்ராக்டர் சொல்ற வழிக்கு வருவோம், ஏன்னா முக்கால்வாசிப் பேர் கடைசியில இதுலதான் போய் விழறாங்க. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் பேடண்ட் வாங்கினதே 1824லதான். அதுக்கு முன்னாடி கட்டின வீட்டுல அந்த சிமெண்டைப் பார்த்தீங்கன்னா அது பின்னாடி யாரோ போட்ட ஒட்டுதான். சிமெண்ட் சாந்து கல்லை விட கெட்டி, தண்ணியையும் சுலபத்துல விடாது, ஆனா மயிரிழை விரிசல் மட்டும் கண்டிப்பா விடும். அந்த விரிசல் வழியா தண்ணி உள்ள போயிடும், திரும்பி வர வழி இல்லாம கல்லு வழியா வரப் பார்க்கும், அது கூட வர்ற உப்பு கல்லுக்குள்ளயே உறைஞ்சு முகத்தைப் பொரிச்சுத் தள்ளிடும். குளிர்ப் பிரதேசம்னா இன்னும் மோசம், தண்ணி உறையும்போது 9 சதவீதம் பெருசாகும், அப்ப கல்லோட மேல்தோல் அப்பளம் மாதிரி கழண்டு வரும். நான் பார்த்த ஒரு மணற்கல் சுவர்ல கல் இடுக்குல அடைச்ச சிமெண்ட் பாயிண்டிங் மட்டும் அப்படியே வலை மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் கல்லு ஒரு விரல்கணு அளவுக்கு உள்வாங்கிப் போயிருந்துச்சு, விரலால தேய்ச்சா சர்க்கரை கொட்டற மாதிரி கொட்டுச்சு. கல்லைக் காப்பாத்தறேன்னு பூசினது, கல்லு போச்சு, பூச்சு நிக்குது!

அப்புறம் சுவர்ல வரிசையா ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தினா ஈரம் ஏறாதுன்னு சொல்வாங்க. செங்கல் சுவர்ல அதுக்கு ஏதோ அர்த்தம் இருக்கலாம். நடுவுல மண்ணும் சல்லியும் இடைவெளியுமா இருக்கற ரெண்டடி சுவர்ல அது எங்க ஒரே கோடா போய் நிக்கும்? கண்ட பக்கம் ஒழுகிப் போகும். பல வீட்டுல ஓதம் அடிக்கறதுக்குக் காரணமே வேற, வெளிய வருஷக்கணக்கா மண்ணும் குப்பையும் சேர்ந்து தரைமட்டம் வீட்டுக்குள்ள இருக்கற தரையை விட உசந்து போயிருக்கும், இல்ல கூரைத்தண்ணி நேரா சுவர் அடியில கொட்டும். மண்ணை வெட்டி எடுத்து, சுவர் ஓரமா சரளைக்கல் போட்டு தண்ணி வடிய ஒரு குழாய் வச்சு, கூரைத்தண்ணியைத் தூரமா கொண்டுபோய் விட்டாலே பாதி ஓதம் போயிடும். சுவர் ஓரத்துல தோண்டும்போது மட்டும் அஸ்திவாரத்துக்குக் கீழ போயிடக்கூடாது.

அந்த வழியில நல்லதே இல்லையான்னா இருக்கு. வேலை வேகமா முடியும், ஆள் சுலபமா கிடைப்பாங்க, செலவு எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க. முன்னாடி இருந்தவங்க ஏற்கனவே கெட்டியா சிமெண்ட் அப்பியிருந்தா அதைப் பேர்க்கப் போய் கல்லோட முகமும் சேர்ந்து பேர்ந்து வர்றது உண்டு, அப்படி இடத்துல தானா கழண்டு வர்ற பாகத்தை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டுடறதுதான் புத்திசாலித்தனம். ஆனா உள்பக்கம் போர்டு அடிச்சு மறைக்கறது எனக்குப் பயம். முதல் ரெண்டு வருஷம் ஜம்முனு இருக்கும், போர்டுக்குப் பின்னாடி உத்திரத்தோட முனை ஈரச்சுவருக்குள்ள உக்காந்து ஊறிக்கிட்டே இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாது. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நின்னுச்சுன்னா பூஞ்சைக்கு விருந்துதான். நான் கையைச் சுட்டுக்கிட்டேன்னு சொன்னேனே, இதுலதான். பார்க்க கம்பீரமா இருந்த ஒரு உத்திரம், நடுவுல தட்டினா மணி மாதிரி சத்தம், சரின்னு விட்டுட்டோம். பிறகு சுவருக்குள்ள போற முனையில ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா கைப்பிடி வரைக்கும் கேக்குல இறங்கற மாதிரி இறங்குச்சு. அதுக்குள்ள மேல தரை போட்டு முடிச்சாச்சு. முட்டு கொடுத்து எல்லாத்தையும் திரும்பப் பிரிச்சோம்.

மனைவி சொல்ற வழி, அதாவது எல்லாம் பழையபடி, மனசுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா "பழையபடி"ன்னா எந்த வருஷத்துப் பழையபடி? பண்ணைவீடு எதுவும் ஒரே நாள்ல கட்டினது கிடையாது. முதல்ல ஒரு பாதியில ஆளும் மறுபாதியில மாடும் இருந்திருக்கும், அப்புறம் ஒரு தலைமுறை புகைபோக்கி வச்சிருக்கும், இன்னொண்ணு மாடி ஏத்தியிருக்கும், ஜன்னலைப் பெருசாக்கியிருக்கும். எது அசல்? டிசைனரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸும் அவர் கூட்டாளிகளும் 1877ல இங்கிலாந்துல பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பிச்சதே இந்தச் சண்டையிலதான், அசல் மாதிரி திரும்பச் செய்யறேன்னு சொல்லி நிஜமான பழசை அழிச்சுடாதீங்க, இருக்கறதை ரிப்பேர் பண்ணுங்க போதும்னாங்க. பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்க உலக அளவுல எழுதின 1964 வெனிஸ் சாசனமும் கிட்டத்தட்ட அதேதான் சொல்லுது, ஊகம் எங்க ஆரம்பிக்குதோ அங்க மீட்டெடுக்கற வேலை நிக்கணும், இல்லாததுக்குப் பதிலா புதுசா வைக்கறது பொருந்தியும் இருக்கணும், புதுசுன்னு தனியாவும் தெரியணும். இது என்னவோ பெரிய கோயிலுக்கும் கோட்டைக்கும் எழுதின மாதிரி இருக்கும், ஆனா பண்ணைவீட்டுக்கு இதை விட உருப்படியான யோசனை கிடையாது. போன கதவுக்குப் பழைய மாதிரியே டூப்ளிகேட் செஞ்சு அழுக்குப் பூசி வைக்கறதுக்கு, நேர்மையா ஒரு புதுக் கதவு நல்லாவே இருக்கும்.

அந்த வழியில கஷ்டம் வேற ஒண்ணு, காலம். சுண்ணாம்பு வேலை அவசரத்துக்கு அடங்காது. சுண்ணாம்புக்கல்லை சுமார் 900 டிகிரியில சுட்டு நீத்து எடுக்கற சாதா சுண்ணாம்பு, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துத்தான் திரும்பக் கல்லாகும், அது மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுலதான் உள்ள போகும்னு வேலை செய்யறவங்க ஒரு தோராயக் கணக்கு வச்சிருக்காங்க. 5 டிகிரிக்குக் கீழ குளிர் இருந்தா வேலையே செய்யக்கூடாது, வெயில்ல சட்டுனு காய்ஞ்சாலும் பொடியாயிடும், ஈரச்சாக்கு தொங்கவிட்டு நாள்கணக்குல நனைச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணியிலயே இறுகற சுண்ணாம்பும் இருக்கு, 2, 3.5, 5ன்னு பலத்துக்கு நம்பர் போட்டு விப்பாங்க, ஈரம் ஜாஸ்தியான இடத்துக்கு நல்லது, ஆனா பெரிய நம்பர்தானே உசத்தின்னு எல்லா இடத்துக்கும் 5 வாங்கிடாதீங்க, மெதுவான கல்லுக்கு அது சிமெண்ட் பண்ற வேலையையே பண்ணும். கொத்தனாரைப் பிடிக்கறதுக்கு எங்கிட்ட ஒரே ஒரு டெஸ்ட்தான், "பூசி முடிச்சதும் அடுத்து என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க. "அவ்ளோதான், கிளம்பிடுவோம்"னா வேண்டாம். சாக்கு, தண்ணி, நிழல்னு பேச ஆரம்பிச்சா அவரை விடாதீங்க. பழைய சாந்தை மெஷின் வச்சு அறுக்காம உளியால எடுக்கறவரா, இடுக்கோட அகலத்தைப் போல ரெண்டு மடங்கு ஆழமாவது எடுக்கறாரான்னு ஒரு சதுர மீட்டர் சாம்பிள் செய்ய வச்சுப் பாருங்க.

ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச படத்துக்கு நிஜ உதாரணம் இருக்கு, இங்கிலாந்துல வார்விக்‌ஷயர்ல இருக்கற ஆஸ்ட்லி காசில். 1978ல தீப்பிடிச்சு கூடா நின்னுச்சு, விதர்ஃபோர்ட் வாட்சன் மான்ங்கற ஆர்க்கிடெக்ட் டீம் அந்த இடிபாட்டுக்குள்ளயே வீடு கட்டினாங்க, 2013ல பிரிட்டிஷ் கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசும் வாங்குச்சு. படுக்கையறை கீழ, ஹால் மேல. எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா தனியா ஒரு பெட்டியைச் செஞ்சு உள்ள இறக்கல, புதுச் செங்கல்லைப் பழைய கல்லோட கோத்துக் கட்டியிருக்காங்க, புதுசு பழசைத் தாங்குது.

ஆனா அதைப் பார்த்துட்டு ஒரு சின்னப் பண்ணைவீட்டுல தனிப் பெட்டி வைக்கணும்னு கிளம்பினா கணக்கு இடிக்கும். உள்அளவு 5 மீட்டருக்கு 10 மீட்டர்னு வச்சுக்கோங்க, 50 சதுர மீட்டர். புதுச் சுவர் 30 சென்டிமீட்டர், பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல 10 சென்டிமீட்டர் இடைவெளி, நாலு பக்கமும். மிஞ்சறது 4.2க்கு 9.2, அதாவது 39 சதுர மீட்டர் கூட இல்ல, கிட்டத்தட்ட கால்வாசி இடம் காணோம். அது மட்டும் இல்லாம வெளிய நிக்கற இடிஞ்ச சுவருக்கும் பராமரிப்பு வேணும், தலையில மழை இறங்காம மூடணும், இல்லேன்னா நடுவுல இருக்கற மண் கரைஞ்சு ரெண்டு முகமும் பிரிஞ்சு வயிறு தள்ளிடும். அதனால இது சுவர் பாதிக்கு மேல போயிடுச்சு, கூரையே இல்ல, பக்கத்துல இடம் நிறைய இருக்குங்கற வீட்டுக்குத்தான் சரி.

தம்பி சொன்னதை ரொம்ப இழுக்க வேண்டாம். அஸ்திவாரமே நகர்ந்துடுச்சு, சுவர் எல்லாப் பக்கமும் சாய்ஞ்சிருக்குன்னா அவர் சொல்றதுதான் நிஜம். மத்தபடி தள்ளினா கிடைக்கற கல்லுல முகத்துக்கு ஆகறது எதிர்பார்த்ததை விடக் கம்மியாத்தான் இருக்கும், சுவரோட வயித்துல இருந்தது பூரா சல்லிதான். கடைசியில பிளாக் சுவர் கட்டி அதுமேல கல்லை ஒட்டுவீங்க. இன்னொண்ணு, பல நாட்டுல அந்த இடத்துல வீடு இருக்கறதுக்கு அனுமதியே அங்க ஏற்கனவே ஒரு வீடு நிக்கறதாலதான், தள்ளினதும் அந்த உரிமையும் சேர்ந்து போயிடலாம். பாரம்பரியப் பட்டியல்ல இருந்தா அனுமதி இல்லாம தொடவே கூடாது, இங்கிலாந்துல 1990ஆம் வருஷச் சட்டப்படி பட்டியல்ல இருக்கற வீட்டை அனுமதி இல்லாம இடிக்கறதோ அதோட தன்மை மாறற மாதிரி மாத்தறதோ கிரிமினல் குற்றம். வௌவால் குடியிருந்தா அதுக்குத் தனி, ஐரோப்பா பூரா அதுக்குப் பாதுகாப்பு உண்டு, அது குட்டி போடற சீசன்ல நீங்க கூரைப் பக்கம் போக முடியாது.

சரி, என் ஓட்டு எதுக்கு? நாலுல எதுக்கும் முழுசா இல்ல. மொத்த வீட்டுக்கும் ஒரே முடிவு எடுக்கறதுதான் தப்புன்னு நினைக்கறேன், சுவருக்குச் சுவர் முடிவு மாறும். அதையும் இன்னைக்கே எடுக்கக்கூடாது. முதல்ல கூரை. நிரந்தரக் கூரைக்குக் காசு இல்லேன்னா தகரமாவது போட்டு, தண்ணியை நிறுத்திட்டு, ஜன்னல் ஓட்டையை எல்லாம் காத்து போற மாதிரி விட்டுட்டு ஒரு வருஷம் சும்மா இருக்கணும். நனைஞ்ச சுவர் மாசத்துக்கு 25 மில்லிமீட்டர் காயும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, 600 மில்லிமீட்டர் சுவர் ரெண்டு பக்கமும் காய்ஞ்சாலே 12 மாசம் ஆகும், ஒரு பக்கத்தை மூடிட்டீங்கன்னா 24. அந்த ஒரு வருஷத்துல விரிசல் மேல அளவுகோல் ஒட்டி வச்சு அது ஓடுதா, அப்படியே நிக்குதான்னு பார்த்துடலாம். பழைய விரிசல் நின்னுபோச்சுன்னா அடைச்சா போதும், ஓடுதுன்னா எஞ்சினியரைக் கூப்பிடணும். கூரையோட தள்ளல்ல சுவர் வெளிய சாய்ஞ்சிருந்தா ரெண்டு எதிர்ச் சுவரையும் இரும்புக் கம்பியால இழுத்துப் பிடிச்சு வெளிய தட்டு வச்சு முடுக்கலாம், பழைய ஆளுங்களே அதைச் செஞ்சிருக்காங்க. மெல்லிசான ஓடு இருந்த கூரையில கனமான ஓடு ஏத்தற ஆசை மட்டும் வேண்டாம், கைமரம் விரிஞ்சு சுவரைத் தள்ளிடும்.

சூடு தாங்கற விஷயத்துல கல்சுவர் நம்ம நினைக்கற அளவுக்கு நல்லது இல்ல. ஒரு சதுர மீட்டர் சுவர் ஒரு டன்னுக்கு மேல வெயிட் இருக்கும், சூட்டைச் சேர்த்து வச்சு மெதுவா விடும், ஆனா சூடு வெளிய போறதை அவ்வளவா தடுக்காது. யு வேல்யூன்னு சொல்வாங்களே, சுவர் வழியா சூடு எவ்வளவு வேகமா போகுதுங்கற அளவு, எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, இந்தச் சுவருக்கு 1.5ன்னு வச்சுக்கோங்க. உள்பக்கம் மரநார் பலகை 40 மில்லிமீட்டர் வச்சா 0.6க்கு இறங்கிடும். 80 வச்சா 0.37. 160 வச்சா 0.21. முதல் 40லயே பெரிய லாபம் கிடைச்சாச்சு, அதுக்கு மேல போகப் போக லாபம் சுருங்குது, ரூம் சுருங்குது, போதாக்குறைக்குப் பலகைக்கு வெளிய இருக்கற கல்லு இன்னும் குளிர்ந்து போய் வீட்டுக்குள்ள இருக்கற ஈரக்காத்து அங்க போய் வேர்க்க ஆரம்பிக்கும். அதனால 40லேர்ந்து 60, அதுவும் ஈரத்தை விடற மரநாரோ சணல்நார் சுண்ணாம்போ, மேல சுண்ணாம்புப் பூச்சு. தெர்மாகோல், ஃபாயில் ஒட்டின ஷீட் எல்லாம் இந்தச் சுவர் பக்கமே வரக்கூடாது. மிச்சத்தைக் கூரையில போடுங்க, அங்க எவ்வளவு கனம் வேணும்னாலும் போடலாம்.

தரைக்கும் அதே புத்திதான். கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு கான்கிரீட் கொட்டினா அடியில இருக்கற ஈரம் ஓரத்துக்கு ஓடி சுவர்ல ஏறும். கண்ணாடியை நுரையாக்கிச் செஞ்ச சல்லி போட்டு மேல சுண்ணாம்புக் கான்கிரீட், அதுக்குள்ள வெந்நீர்க் குழாய். 35லேர்ந்து 45 டிகிரி தண்ணியே போதும், வெளிக்காத்துல இருந்தோ மண்ணுல இருந்தோ சூட்டை எடுத்து உள்ள தர்ற ஹீட் பம்ப்புக்கும் அதுதான் தோது. தலை இடிக்குதுன்னு தரையை மட்டும் ஆழமா வெட்டிடாதீங்க, அஸ்திவாரமே ஆழம் கம்மின்னு சொன்னேன்ல, உள்பக்கம் மண்ணை எடுத்துட்டா சுவர் கால் வழுக்கி உக்காந்துடும். வெட்டியே ஆகணும்னா எஞ்சினியரை வச்சு ஒரு மீட்டர் ஒரு மீட்டரா, ஒண்ணு விட்டு ஒண்ணு அடியில கட்டிக்கிட்டே போகணும், அது வேற செலவு.

இந்த விஷயத்துல நான் ரொம்பப் பிடிவாதமா இருக்கறது ஒண்ணே ஒண்ணு. நாலு பேர் இருக்கற குடும்பம் சமையல், குளியல், துணி, மூச்சு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 10 லிட்டர் தண்ணியைக் காத்துல விடும். பழைய வீட்டுல அடுப்பு புகைபோக்கி வழியா அதை இழுத்து வெளிய தள்ளிடும், நாம புகைபோக்கியை அடைச்சு, கண்ணாடி ஜன்னலை இறுக்கிட்டு, அதே கல்சுவர்லயே ஷவர் வைக்கறோம். வேண்டாம். சமையலறை, குளியலறை, துணி துவைக்கற இடம், மோட்டார், சுவிட்ச்போர்டு எல்லாத்தையும் ஒட்டினாப்புல ஒரு புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோயிடுங்க. அங்க சிமெண்ட், ஷீட், பைப் எல்லாம் உங்க இஷ்டம். கல்வீட்டுல ஹாலும் படுக்கையும் மட்டும். அப்படிச் செஞ்சா கல்சுவரைப் பைப்புக்காகக் கொத்தவே தேவை இல்ல. வெளிச்சத்துக்கும் புது ஜன்னல் உடைக்காதீங்க, வண்டி நுழைய விட்டிருந்த பெரிய வாசல் இருந்தா அதுல கண்ணாடி போட்டாலே வீடு பூரா விடிஞ்சுடும்.

இதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன். முன்பக்கச் சுவர் அவர் மனைவி இஷ்டப்படி சுண்ணாம்புல. பின்சுவர் வயிறு தள்ளியிருக்கு, அதை மட்டும் தம்பி சொன்னபடி பிரிச்சு, கல்லுக்கு நம்பர் போட்டு, போட்டோ எடுத்து வச்சு அதே இடத்துல திரும்பக் கட்டணும். மரம் முளைச்ச ரூம் எப்படியும் பாதி போச்சு, அங்க ஆர்க்கிடெக்ட் பாணியில சமையலறையும் குளியலறையும் வரட்டும், கான்ட்ராக்டருக்கு அதுவும் கூரையும் போதுமான வேலை. எஸ்டிமேட்டுக்கு மேல அஞ்சுல ஒரு பங்காவது தனியா எடுத்து வைங்கன்னும் சொல்லியிருக்கேன், இந்த வீடுங்க ஒவ்வொரு கல்லைப் பேர்க்கும்போதும் புதுசா ஒண்ணைக் காட்டும். கான்ட்ராக்டர் ஒரு வருஷம் காத்திருக்க முடியாதுன்னு முறுக்கிக்கிட்டிருக்கார், போனா போகட்டும்.

இப்போதைக்குத் தகரம் போட்டாச்சு. மரத்தையும் அடியோட அறுத்தாச்சு. வேரைப் பிடுங்கறேன்னு ரெண்டு பேர் கயிறோட வந்தாங்க, விடல. வேரு சுவருக்குள்ள நாலு கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, இழுத்தா மூலையே கையோட வந்துடும். செத்து சுருங்கட்டும், அந்தப் பக்கம் கட்டும்போது எடுத்துக்கலாம்.